மாமன் மச்சான் ரத்தமில்லையாம்

1

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து ஒரு தூரத்துச் சொந்தக்காரர் எங்கள் புனே லோஹேகாவ் வீட்டுக்கு வந்தார். ஷீரடிக்குப் போகிற வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். இப்போது எங்களோடு இருக்கிற என் அண்ணன் ராமசாமிக்கென்று ஒரு பாட்டில் லேகியம் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்தால் கருகின கருப்பட்டி வாசனை.

“ஒரு மண்டலம் சாப்பிட்டா நரம்பெல்லாம் முறுக்கேறிருமுங்க. நம்ம பக்கம் நெறையப் பேருக்குக் கேட்டிருக்குதுங்க” என்றார்.

காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். அவருடைய ஆட்டோ தெருமுனை திரும்புகிறவரை பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். “ஏன் சரோஜா, அந்த மனுசன் ஆசையாக் கொண்டுவந்தாரு” என்று என் வீட்டுக்காரர் முனகினார். விமானப்படையில் காலம் தள்ளியவர். யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை.

எத்தனை வருஷமாகக் கரடியாகக் கத்துகிறேன்! நரம்புத் தளர்ச்சி இல்லை, பார்க்கின்சன் என்று போனில் கத்தினேன். நேரில் கத்தினேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்து கத்தினேன். “சரோஜா பூனாவுக்குப் போயி சப்பாத்தி தின்னு தின்னு மூளை காஞ்சுபோச்சு” என்று சிரித்தார்கள். சரி, எழுதிவிடுகிறேன். எழுதினதைப் பார்த்துச் சிரிப்பதற்காவது படிக்க வேண்டியிருக்குமே.

விஷயம் இதுதான். அண்ணனின் ஒரே மகன் பிரபு இங்கே புனேயில் மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். என் ஒரே மகள் நித்யா. ‘அத்தை மகள் இருக்கையில் வெளியே எதற்குப் பார்ப்பது’ என்று ஊர் கூடி முடிவு செய்துவிட்டது. ஜாதகமும் பார்த்தாயிற்று. பத்துக்கு எட்டுப் பொருத்தம், ஜோசியருக்கே சந்தோஷம் தாங்கவில்லையாம். நான் முடியாது என்றேன். அண்ணனை ஆட்டிவைக்கும் நோய் நாளைக்கு என் பேரப்பிள்ளையையும் ஆட்டிவைக்குமே என்ற பயத்தில்தான் சொன்னேன். அன்றிலிருந்து நான் திமிர் பிடித்தவள்.

2

அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது வயது முப்பத்தாறு. உடுமலைப்பேட்டையில் மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அண்ணி, பிரபு கைக்குழந்தையாக இருக்கும்போதே தவறிவிட்டார். அண்ணனே சமைத்து, அண்ணனே தலைவாரிவிட்டு வளர்த்த பிள்ளை அவன்.

நோயை முதலில் காட்டிக்கொடுத்தது கையெழுத்து. பெரிதாக ஆரம்பிப்பார், போகப் போகச் சிறுத்துக் கடைசி எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். பேங்கில் செக்கைத் திருப்பிவிட்டார்கள். கேட்கப் போனால் மேனேஜர், பத்துப் பேர் முன்னால், “நிதானத்துல இருக்கும்போது வந்து கையெழுத்துப் போடுங்க” என்றாராம். டீயைத் தவிர எதையும் குடித்தறியாத மனுஷனைப் பார்த்து!

அவ்வளவுதான், ஊருக்கு நோயின் பெயர் தெரிந்துவிட்டது. குடி. பொண்டாட்டி போன துக்கத்தில் ரகசியமாகக் குடிக்கிறானாம். வாயை ஊதிக் காட்டச் சொல்லாத குறைதான். இரண்டு வருஷம் கழித்து ஒரு பக்கக் காலும் இழுக்க ஆரம்பித்ததும் குடி செய்வினையாக மாறியது. அது எடுபடாமல் போனதும் நரம்புத் தளர்ச்சி. மாதத்துக்கு ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் பரம்பரை வைத்தியரிடம் கூட்டிப்போனார்கள். அந்த வைத்தியர் எந்தத் தளர்ச்சிக்குப் பேர்போனவர் என்று ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாராம். கூட்டிப்போன புண்ணியவான் பழனிச்சாமி அண்ணன்.

பழனிச்சாமி அண்ணன் எங்கள் பெரியப்பா மகன். ரைஸ் மில் முதலாளி. எங்கள் குடும்பத்தில் காதுகுத்து முதல் கருமாதி வரை அவர் தேதி குறித்தால்தான் நடக்கும். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை, அவராகவே ஏறி உட்கார்ந்துகொண்டார். தெரியாது என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

3

நான்தான் அடம்பிடித்து அண்ணனைப் புனேவுக்கு வரவழைத்தேன். இங்கே கேம்ப் என்கிற பகுதியில் ஒரு பெரிய நரம்பு டாக்டர். அரை நாள் காத்திருந்தால் ஐந்து நிமிஷம் பார்ப்பார். அந்த ஐந்து நிமிஷத்திலும் பாதி நேரம் சுவரைப் பார்த்து இங்கிலீஷ் பேசுவார். அண்ணனுக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எனக்கு வந்த இந்தி காய்கறிக்காரனோடு சண்டைபோட வந்த இந்தி. அதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனின் மூளையைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டியிருந்தது.

ஆனால் அந்த மகானுபாவர் ஒரு கேள்வி உருப்படியாகக் கேட்டார். “இவருடைய அப்பாவும் அம்மாவும் சொந்தமா?”

“ஆமாம். எங்கள் அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை” என்றேன்.

“நீங்கள் மதராஸிகள்!” என்று தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? எங்கள் எதிர்வீட்டு மராத்தி அம்மாள் கட்டியிருப்பது அத்தை மகனைத்தான். முட்டாள்தனத்துக்கு மாநில எல்லை கிடையாது.

சிரித்து முடித்துவிட்டு அவர் விளக்கினார். இந்த வயதிலேயே பார்க்கின்சன் வந்தால், அதுவும் சொந்தத்தில் கட்டிய பெற்றோருக்குப் பிறந்தவராக இருந்தால், பரம்பரைக் கோளாறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டாம். அப்பா அம்மாவுக்கு நோய் இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லையாம். பிறகு ஒரு மாத்திரையைக் கொடுத்து, அங்கேயே விழுங்கச் சொல்லி, வெளியே உட்கார வைத்தார்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அண்ணனின் கை நின்றது. கிளினிக் வராந்தாவில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தானே கழற்றினார், தானே மாட்டினார், மறுபடி கழற்றினார், மறுபடி மாட்டினார். அப்புறம் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். நடுரோட்டில் அந்த டாக்டரின் காலில் விழச் சொன்னாலும் அந்த நிமிஷம் விழுந்திருப்பேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டார், “டாக்டர் என்ன சொன்னாரு சரோ?”

“பரம்பரையா வர்றதாட்ட இருக்குதுன்னாருங்கண்ணா. அப்பாவும் அம்மாவும் ஒரே ரத்தங்கறதால…”

அவர் குரல் ஏறிவிட்டது. “அப்பனுக்கு நடுங்குச்சா? ஆத்தாளுக்கு நடுங்குச்சா? அப்பறம் எங்கிருந்து வருது பரம்பரை? ஒரே ரத்தமாம்! பங்காளிதான் ரத்தம். மாமன் மச்சான் எப்படி ரத்தமாவும்? குலசாமியே வேறயல்லோ!”

இந்த இடத்தில்தான் நம் ஜனங்களின் அறிவைக் கும்பிட வேண்டும். எத்தனையோ தலைமுறைக்கு முன் பிரிந்துபோன பங்காளி வீட்டுப் பெண், முகமே தெரியாதவள், அவள் ரத்தம். அவளைக் கட்டினால் மகாபாவம். கூடப் பிறந்த அக்கா பெற்ற பெண், தூக்கி வளர்த்த பெண், அவள் ரத்தமில்லை. ஏனென்றால் அவள் வேறு குலசாமிக்குப் பொங்கல் வைக்கிறாள்! உடம்புக்குள் இருக்கிற அணு பொங்கல் பானையைப் பார்த்துத்தான் சொந்தம் கொண்டாடும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது?

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒருவனுக்குக் கை நடுங்குகிறது என்று தெரிந்தால் வெளியே யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள். அதனால் மறைக்க வேண்டும். மறைக்க வேண்டுமென்றால் உள்ளுக்குள்ளேயே கட்ட வேண்டும். உள்ளுக்குள்ளேயே கட்டினால் இன்னொருவனுக்குக் கை நடுங்கும். இப்படி ஒரு நோயை நாய்க்குட்டி மாதிரி வீட்டுக்குள்ளேயே சோறு போட்டு வளர்க்கிற கூட்டம் நம் கூட்டம்.

அண்ணனும் மறைக்கக் கற்றுக்கொண்டார். கல்யாணமோ எழவோ, எங்கே போனாலும் முக்கால் மணி நேரம் முன்னால் மாத்திரையைப் போட்டுக்கொள்வார். கை நிற்கும், நடை நேராகும். வேகம் இறங்குவதற்குள், “கடையில ஆள் இல்லீங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். வருஷம் ஆக ஆக மாத்திரை பிடிக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது, அவர் பந்தியில் உட்காரும் நேரமும் குறைந்தது. ‘பூனா டாக்டர் ராமசாமியைக் குணப்படுத்திட்டாரு’ என்று ஊர் நம்பியது. குணமான ஆளின் மகனுக்கு என் பெண்ணைக் கொடுக்க என்ன தடை?

4

நித்யா இங்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். செல்களைத் தட்டில் வளர்க்கிற வேலை. ஊரில் யாராவது கேட்டால், “லேப்ல இருக்கா” என்று சொல்வேன். “ரத்தம், மூத்திரமெல்லாம் டெஸ்ட் பண்ணுவாளா?” என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

அவள் தமிழ் ஒரு தனிக் கதை. வீட்டில் நான் தமிழ் பேசினால் அவள் தமிழில் ஆரம்பிப்பாள், நடுவில் இந்தி வந்து உட்காரும், மராத்தி முடித்துவைக்கும். தமிழ் படிக்க வராது. எழுதுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இந்தக் கட்டுரையை நான்தான் அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும்.

கல்யாணச் சண்டை உச்சத்தில் இருந்த சமயம் ஒரு நாள் சமையலறையில் பாத்திரம் தேய்த்தபடி கேட்டேன், “உங்க மாமனுக்கு உள்ள என்னதான்டி ஆகுது? எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு.”

“மூளையில அடியில ஒரு சின்ன எடம் இருக்கும்மா, கறுப்பா இருக்கும். அங்க இருக்கிற செல்தான் டோபமின்னு ஒண்ணு பண்ணும். அது இருந்தாத்தான் கை கால் சொன்ன பேச்சு கேட்கும். மாமாக்கு அந்த செல்லெல்லாம் செத்துட்டு வருது. டாக்டர் குடுக்கிற மாத்திரை உள்ள போயி டோபமினா மாறும். அவ்வளவுதான். செத்தது செத்ததுதான்.”

“ஏன் சாவுது?”

“ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டிக் குட்டியா பவர் ஹவுஸ் இருக்கு. மைட்டோகாண்ட்ரியா. அது பழசாச்சுன்னா பொகை விடற ஆட்டோ மாதிரி, விஷம் கக்கும். அதைத் தூக்கிப் போடணும். பார்க்கின்னு ஒரு புரோட்டீன் இருக்கு. அது போயி, ‘இது கராப், எடுத்துட்டுப் போ’ன்னு சீட்டு ஒட்டும். சீட்டு ஒட்டினாத்தான் கச்ரா வண்டி வந்து எடுக்கும்.” குப்பை என்ற சொல் நினைவுக்கு வருவதற்குள் என் மகளுக்குக் கச்ரா வந்துவிடும். “மாமாக்கு அந்தச் சீட்டு ஒட்டற ஆளே இல்லேன்னு நினைக்கிறேன். கச்ரா உள்ளயே சேர்ந்து செல் செத்துப்போகுது.”

“ஒடம்பு பூராத்தான் செல் இருக்குது. அந்த எடத்துல மட்டும் ஏன் சாகோணும்?”

அவள் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள். “நல்ல கேள்விம்மா. அந்த செல் ஒவ்வொண்ணும் லட்சக்கணக்கான எடத்துக்குக் கை நீட்டி வேலை பாக்கும். பவர் ஜாஸ்தி வேணும். அதனால பொகையும் ஜாஸ்தி. முழு பதில் எங்களுக்கே தெரியாது.”

தெரியாது! பாருங்கள், வாழ்நாளெல்லாம் இதையே படிக்கிறவர்கள் கூசாமல் சொல்கிற வார்த்தை. ரைஸ் மில்லில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் எல்லாம் தெரிகிறது.

பார்க்கினைச் செய்யும் மரபணுவைத் தொண்ணூறுகளின் கடைசியில் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தார்களாம். எல்லோருக்கும் அதில் இரண்டு பிரதி. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆள் நன்றாகவே இருப்பார். வெளியில் கட்டினால், இருவருக்குமே அதில் கெட்ட பிரதி இருப்பது அபூர்வம். எங்கள் அப்பா கட்டியதோ அக்கா மகளை. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து கிளம்பிய ஒரே கோளாறு, அப்பா வழியாக ஒன்றும் அம்மா வழியாக ஒன்றுமாக வந்து அண்ணனிடம் சேர்ந்துவிட்டது.

“அப்ப பிரபுக்கு?”

“ஒண்ணு பக்கா கெட்டதா இருக்கும். மாமாகிட்ட குடுக்கறதுக்கு நல்லதே இல்லியே. ஆனா அவனுக்கு நோய் வராது, அவன் அம்மாகிட்டேருந்து நல்லது ஒண்ணு வந்திருக்கும். எனக்கும் ஒண்ணு கெட்டிருந்து நாங்க கல்யாணம் பண்ணினா, ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு சான்ஸ். எனக்கு இருக்கான்னு பாக்கணும்.”

“உனக்கு எதுக்குப் பாக்கோணும்? நாந்தான் அவனுக்கு உன்னைக் கட்டித்தரப் போறதில்லைன்னு சொல்லிட்டனே.”

நித்யா குழாயை மூடினாள். “நீ கட்டித்தர வேண்டாம்மா. நாங்களே கட்டிக்கறதாத்தான் இருந்தோம். உன் பேச்சைக் கேட்டு நிக்கல. இது தெரியாமப் பண்ணக் கூடாதுன்னு நிக்கறோம்.”

எப்படி இருக்கிறது கதை! ஊரோடு ஒற்றை ஆளாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து என் கையால் பணியாரம் தின்றுவிட்டு, “வரட்டுங்களா அத்தை” என்று சாதுவாகப் போகிற பிள்ளை இந்த வேலை பார்த்திருக்கிறான். ஊர்க்காரர்களை முட்டாள் என்று சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. அன்றைக்கு அந்தப் பட்டத்தை நானே சூட்டிக்கொண்டேன்.

5

முதலில் அண்ணனின் ரத்தம் வேண்டும். அவரிடம் எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்தால்தான் என்னிடமும் நித்யாவிடமும் அதைத் தேட முடியும். அண்ணன் மாட்டவே மாட்டேன் என்றார். ரத்தம் கொடுத்தால் பரம்பரை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம்.

பிரபு அவரை ரயிலேற்றிக் கூட்டிவந்து எங்கள் வீட்டு சோபாவில் உட்கார வைத்தான். “அப்பா, ரத்தம் குடுக்காட்டி கல்யாணம் இல்லீங்க. நித்யா சொல்லல, நான் சொல்றேன்” என்றான். அதிர்ந்து பேசாத பையன். அண்ணன் நடுங்கும் கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள, நித்யா கூட்டிவந்த நர்ஸ் ஊசி போட்டு ரத்தம் எடுத்தாள். எனக்கும் எடுத்தாள். நித்யாவுக்கும் எடுத்தாள்.

பரிசோதனை செய்கிற கூடம் வேறு ஊரில் இருந்தது. ஐஸ் போட்ட டப்பாவோடு நான் கேம்பில் ஒரு கூரியர் ஆபீசுக்குப் போனேன். உள்ளே என்ன என்று கேட்டான். கூன் என்றேன், இந்தியில் ரத்தம். கவுண்டரில் இருந்தவன் இரண்டடி பின்னால் போனான். ரத்தம் எடுக்க மாட்டார்களாம், மேலதிகாரியைக் கேட்க வேண்டுமாம், மேலதிகாரி சாப்பிடப் போயிருக்கிறாராம். நான் விடவில்லை. கடைசியில் அவனே பக்கத்தில் குனிந்து, “மேடம், பாகர்வடி லிக் தோ” என்றான். பாகர்வடி புனேக்காரர்கள் உயிரை விடுகிற காரப் பலகாரம். அப்படியே எழுதினேன். எங்கள் குடும்ப ரத்தம் பலகாரமாகப் பயணம் போனது. நித்யாவிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டாள். டப்பா பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததே, அதைச் சொல்லுங்கள்.

முடிவு வர மாதக்கணக்கில் ஆயிற்று. அந்த மாதங்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. பிரபு ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தியிருந்தான். நித்யா சாப்பாட்டைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்துபோவாள். இரண்டும் பிரிந்துவிடுமோ என்று ஒரு பயம், பிரியாமல் கட்டிக்கொண்டுவிடுமோ என்று இன்னொரு பயம்.

ஒரு சாயங்காலம் நித்யா போனை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மாமாக்கு பார்க்கின் ஜீன்ல ரெண்டு காப்பியிலயும் அதே ஒரு துண்டு காணோம்மா. உனக்கு ஒரு காப்பியில காணோம்.”

“உனக்கு?”

“எனக்கு ரெண்டும் சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு என் மடியில் கவிழ்ந்து அழுதாள். அவளுக்கு நல்லதைத்தான் கொடுத்திருக்கிறேன்! பிரபுவின் கெட்டது ஒன்று பேரப்பிள்ளைக்குப் போனாலும், இவளிடமிருந்து நல்லது ஒன்று கட்டாயம் போகும். அண்ணனுக்கு வந்த நோய் இந்தக் கோளாறால் அந்தப் பிள்ளைக்கு வராது. அப்போதே பிரபுவுக்கு நானே போன் போட்டேன். “டேய், ஞாயித்துக்கெழம வந்து சேரு. பணியாரம் சுடறேன்” என்றேன்.

6

கல்யாணம் முடிவானதைச் சொல்லப் பழனிச்சாமி அண்ணனுக்கு போன் செய்தது என் வீட்டுக்காரர். பாதியில் ரிசீவரை என்னிடம் தள்ளிவிட்டார். மறுமுனையில் ஒரே வெற்றிக் கொண்டாட்டம்.

“நான் அப்பவே சொன்னனல்லோ அம்மிணி! மாமன் மச்சான் ரத்தமில்லைன்னு. ஊசி போட்டுப் பாத்து, படிச்சவங்களே ஒத்துக்கிட்டாங்க பாரு!”

“அண்ணா, அந்தக் கோளாறு நித்யாவுக்கு இல்ல, அதனால கட்டறோம். இருந்திருந்தா கட்டியிருக்க மாட்டோம். எனக்கு இருக்குதுங்க.”

“அட விடு. உன்ற புள்ளையே உள்ளுக்குள்ள கட்டறா. இனி நாங்க மட்டும் எதுக்கு யோசிக்கோணும்? செந்திலுக்கும் சுமதி மவளுக்கும் முடிவு பண்ணிப்போட்டேன். உங்க கல்யாணம் முடிஞ்ச கையோட நிச்சயம்.”

சுமதி அவர் மகள். செந்தில் அவர் மகன், சுமதிக்குத் தம்பி. தாய்மாமனுக்கு அக்கா மகள். அதே பாட்டன் பாட்டி வழி வந்த ரத்தம். எங்கள் அப்பா அம்மா செய்த அதே கல்யாணம், எழுத்துப் பிசகாமல்.

“அண்ணா, மொதல்ல உங்க ரத்தத்தைப் பாருங்க. அப்பறம் செந்திலுக்கு, அந்தப் புள்ளைக்கு. ராமசாமியண்ணனுக்கு வந்தது உங்க வழியிலயும் இருக்கலாம்.”

“ராமசாமிக்குத்தான் நல்லாயிருச்சே! போன மாசம் காதுகுத்துக்கு ஜம்முன்னு நடந்து வந்தானே. நீ பூனாவுல உக்காந்துக்கிட்டு அவனை நோயாளி ஆக்காதே.” வைத்துவிட்டார்.

படித்த கூட்டம் ஒரு உண்மையைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால், அதைத் திருப்பிப் பிடித்துத் தன் கண்ணையே குத்திக்கொள்கிற சாமர்த்தியம் வேறு எந்த ஜனத்துக்கு உண்டு! என் மகள் கல்யாணத்தையே அவர்கள் சாட்சியாக்கிக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

கல்யாண வேலைக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அண்ணனிடம் இதையெல்லாம் கொட்டினேன். இந்த நோய் வந்தவர்களுக்கு முகம் அசையாது, என்ன நினைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

“நான் ஜம்முன்னு நடந்ததைப் பாத்துத்தான் அவிய கட்டறாங்களா?” என்று மட்டும் கேட்டார். பிறகு நித்யாவைக் கூப்பிட்டு, ஒரு வேளை மாத்திரையைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து உண்டா என்று டாக்டரைக் கேட்கச் சொன்னார். ஒரு வேளை தாமதத்தால் ஆபத்தில்லை, அவதி உண்டு, விழுந்துவிடாமல் கூடவே ஆள் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

7

கல்யாணத்தைப் புனேவில்தான் வைப்பேன் என்று நின்றேன். ஊர்ச்சனம் ரயிலில் வந்திறங்கியது. வந்த நிமிஷத்திலிருந்து தண்ணீர் சரியில்லை, குளிர் சரியில்லை, வாழையிலை சின்னது, சாம்பாரில் இனிப்பு. எல்லாக் குறையையும் சொல்லிக்கொண்டே எல்லோரும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

முகூர்த்தத்தன்று காலை அண்ணன் மாத்திரை போடவில்லை. பட்டு வேட்டியை என் வீட்டுக்காரர் கட்டிவிட்டார். “மாப்பிள்ளைக்கு அப்பன் வாசல்லதான் நிக்கோணும்” என்று சொல்லி அண்ணன் மண்டப வாசலில் போய் நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் அவர் முதுகோடு ஒட்டி நின்றார். அண்ணன் கல்கண்டுத் தட்டை யாரிடமும் தரவில்லை. தன் இரண்டு கையாலும் பிடித்தார்.

தட்டு ஆடியது. கல்கண்டு சலங்கை மாதிரி சத்தம் போட்டது, அப்புறம் தரையெல்லாம் சிதறியது. கை, தோள், தாடை எல்லாம் ஆடின. உள்ளே வந்த ஜனம் ஒவ்வொருவராக நின்றது. ஒருத்தரும் கல்கண்டு எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக இந்த மனுஷன் மாத்திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த உடம்பை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். எனக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கிட்டே வரக் கூடாது என்று முன்பே சத்தியம் வாங்கியிருந்தார்.

பழனிச்சாமி அண்ணன் என்னிடம் பாய்ந்து வந்தார். “அந்தப் பூனா டாக்டர் குடுத்த மருந்து எங்க? குடு அவனுக்கு! சபையில மானம் போவுது!”

“அவரையே கேளுங்க” என்றேன்.

அவர் போய்த் தட்டைப் பிடுங்கப் பார்த்தார். அண்ணன் விடவில்லை. திரும்பி உள்ளே வர ஒரு அடி எடுத்துவைத்தார், வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது. மூளை சொல்கிறது, கால் கேட்கவில்லை. அப்படியே நின்றார். கூட்டத்திலிருந்து சுமதி மட்டும் வந்து குனிந்து அவர் முழங்காலைப் பிடித்து மெல்லத் தூக்கி உள்ளே வைத்தாள். நிமிர்ந்தவள் அவர் கையைத் தன் கையால் பிடித்துப் பார்த்தாள். அவள் கையும் சேர்ந்து ஆடியது.

“சித்தப்பா, இது உங்களுக்கு எந்த வயசுல ஆரம்பிச்சுதுங்க?”

“முப்பத்தாறு” என்றார். குரலும் தேய்ந்து காற்றாகத்தான் வந்தது. “அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணுமே இல்ல கண்ணு. செந்திலாட்டத்தான் இருந்தேன்.”

சுமதி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். செந்தில் பந்தலின் கீழ் நின்று யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். வயது இருபத்தெட்டு, கிடாய் மாதிரி உடம்பு. பக்கத்தில் அவள் மகள், கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பெண், செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, ரத்தம் பாக்காம நான் தட்டு மாத்த மாட்டேன்” என்றாள் சுமதி.

“சபையில என்ன பேச்சு பேசற?”

“சபையிலதாங்கப்பா பேசோணும். மொதல்ல உங்க ரத்தம். அப்பறம் எனக்கு, தம்பிக்கு, புள்ளைக்கு. பாக்கற வரைக்கும் நிச்சயம் இல்ல.” எல்லோருக்கும் கேட்டது. தெரியாது என்ற வார்த்தையே அறியாத பழனிச்சாமி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வரிசை நாற்காலிக்குப் போனார்.

மேடையில் பிள்ளைகளை மணையில் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் அண்ணனைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டேன். அந்த அசையாத முகத்தில் கண் மட்டும் சுமதியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இப்பக் குடு சரோ, மாத்திரையை” என்றார்.